கீழாநெல்லி இல்லாத சாட்சி

எங்கள் அஸ்தினாபுரம் சபையில் வாலிபர் ஞாயிறு என்று ஒன்று உண்டு. அன்றைக்கு ஆராதனையை இளசுகளே நடத்துவோம். ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். கடவுள் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று சபைக்கு முன்னால் நின்று சொல்வதுதான் சாட்சி. எண்பதுகளின் நடுவில், எனக்குப் பதினாறு வயதானபோது, அது என் தலையில் விழுந்தது.

முந்தின வருடம் சொன்ன அண்ணன் பீடியையும், டிக்கெட் எடுக்காமல் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போவதையும் விட்டுத் திருந்தியவர். அவர் அழ, சபையே அழுதது. நானோ விடுவதற்கு ஒரு பாவத்தையும் பிடித்திருக்கவில்லை. எரிச்சலாக வந்தது.

அம்மா வழி சொன்னாள். "உனக்கு மஞ்சக்காமாலை வந்து சரியாச்சே, அதைச் சொல்லேன்டி."

"அது கீழாநெல்லியில சரியாச்சும்மா."

"அதை எதுக்கு இழுக்குற? ஜெபம் பண்ணோம், சரியாச்சு. அவ்ளோதான்."

கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் ஒப்பித்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜெபிக்க முழங்காலிட்டால் வாய் வரவில்லை. யாரோடு பேச வேண்டுமோ அவரைப் பற்றியே பொய் சொல்லப் போகிறேனே! சின்ன வயதிலிருந்து ஒரு நாளும் விடாத ஜெபம் அந்த வாரம் அப்படியே நின்றுபோனது. இனி வரவே வராதோ என்று பயந்துபோனேன்.

ஞாயிறு காலை மைக்கைப் பிடித்தேன். ஒப்பித்ததைச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு அற்புதம் ஒண்ணும் நடக்கல. இந்த ஒரு வாரம் தவிர தினமும் ஜெபிச்சிருக்கேன், பதில் எதுவும் கேட்டதில்ல. கேக்குறவர் இருக்காரான்னு சில நாள் சந்தேகமாக்கூட இருக்கு. ஆனா மறுநாளும் ஜெபிக்கிறேன். அவ்ளோதான்."

ஒரு ஆமென்கூட இல்லை. போதகர் தொண்டையைச் செருமினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தொலைந்தேன் என்று இறங்கினேன்.

வெளியே சைக்கிள்களுக்குப் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எனக்கும் அப்படித்தான்டி. நான் மட்டும்தான் இப்படின்னு நெனச்சுகினு இருந்தேன்," என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முந்தின வருடத்து அண்ணனும் வந்தார்.

"தங்கச்சி, நான் குடிச்சது ஒரே ஒரு பீடி," என்றார்.

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். போன வருடம் அவரோடு அழுதவர்கள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள், நாங்கள் நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் முழங்காலிட்டேன். வார்த்தைகள் மடமடவென்று வந்தன. வழக்கம்போல் பதில் ஒன்றும் கேட்கவில்லை. ஜெபம் திரும்பி வந்துவிட்டது, ஜெயித்துவிட்டேன் என்று எழுந்தேன்.