வலப்பக்கம் கடல்

புகைப்படத்தின் பின்பக்கத்தை நான் வெறுமையாக விடுவதில்லை. இடம், திசை, பொழுது, இடமிருந்து வலமாக யார் யார், கடைசியில் எடுத்தவள் பெயர். இவ்வளவும் எழுதாமல் ஒரு படத்தையும் உறைக்குள் போடமாட்டேன். பார்க்கிறவர்கள் ஒழுங்கான பெண் என்கிறார்கள். ஒழுங்கெல்லாம் இல்லை. வஞ்சம்.

காரைக்காலில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பிரான்ஸில் ஆள் உண்டு. ஞானஸ்நானமோ, முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மையோ, கல்யாணமோ, எது நடந்தாலும் படம் எடுத்து அங்கே அனுப்பியாக வேண்டும். இங்கே பிறக்கும் பிள்ளைகளை அங்கே இருக்கிறவர்கள் படத்தில்தான் பார்க்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா ஒருமுறை பின்னால் ஒன்றும் எழுதாமல் மகனின் பிறந்தநாள் படத்தை அனுப்பிவிட்டார். கேக்கை ஒட்டி நின்ற பக்கத்து வீட்டுக் குண்டுப் பையனைத்தான் தன் மருமகன் என்று அங்கிருந்த தாய்மாமன் நினைத்துக்கொண்டார். அவன் அளவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. சொந்த மருமகன் அதைப் போட்டுக்கொண்டு சட்டைக்குள் காணாமல் போனான்.

"சட்டைய அந்தப் புள்ளைக்கே குடுத்துருங்கக்கா. அவன் மாமா ஆசையா அனுப்பிருக்காரு" என்று தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அதற்குப் பிறகு தெருவின் படங்களுக்கெல்லாம் பின்னெழுத்து என் பொறுப்பு ஆயிற்று. பிரெஞ்சு படித்தவள், எழுத்தும் பொடி எழுத்து. தபாலுக்குப் போகும் முன் படங்கள் என் மேசைக்கு வரும். பிரான்ஸிலிருந்து சித்தப்பா விடுமுறையில் வந்தபோது தன் கேமராவை எனக்கே விட்டுப் போனதும் அந்தச் சேவைக்குக் கிடைத்த பரிசுதான்.

கேமரா கைக்கு வந்ததும் கால் வீட்டில் தரிக்கவில்லை. கல்லூரி இல்லாத நாளெல்லாம் சைக்கிள்தான். குரும்பகரத்தில் நடவு, பட்டினச்சேரியில் வலை உலர்த்துவது, எல்லாவற்றையும் எடுத்தேன். பாதி ஆடியிருக்கும், மீதியில் யாருக்காவது தலை இருக்காது. ஒரு காலையில் கிளிஞ்சல்மேட்டில் மட்டும் எல்லாம் கூடி வந்தது. வள்ளம் அப்போதுதான் கரை ஏறியிருந்தது. சுற்றிப் பெண்கள், ஏலச் சத்தம். நான் வடக்கே பார்த்து நின்றேன். வலப்பக்கம் கடல் மினுங்கியது. இடக்கோடியில் ஒரு பெண் மீன்கூடையை இடுப்புக்கு ஏற்றியபடி என்னை முறைத்தார்.

"மீனு வாங்க வந்தியா, எங்க மூஞ்சிய வாங்க வந்தியா புள்ள?"

அந்த முறைப்பிலேயே பொத்தானை அழுத்தினேன்.

பிலிமைக் கழுவ வழக்கம்போல் கடைத்தெரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். ஸ்டுடியோக்காரரை ஊரே அண்ணன் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். ஈரப் பிரிண்ட்டைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒனக்குக் கண்ணு இருக்கு தங்கச்சி. மெட்ராஸ் வாரப் பத்திரிகைல வாசகர் படமெல்லாம் போடுறாங்கள்ல, அதுக்கு அனுப்புவோம். நீயா அனுப்புனா குப்பைக்கூடைக்குத்தான் போவும். என் கவர்னா பிரிச்சுப் பாப்பாங்க."

எனக்கு அப்போதே தலை சுற்றியது. பிரிண்ட் காய்ந்ததும் பென்சிலை எடுத்து அதைத் திருப்பினேன். அவர் பாய்ந்து கையைப் பிடிக்காத குறை.

"எழுதாத, எழுதாத! பின்னாடி அழுந்துனா முன்னாடி தெரியும். நான் துண்டுச் சீட்டுல எழுதி ஒட்டிக்கிறேன்."

தெருவுக்கே பின்னெழுத்து எழுதுகிறவள், என் படத்தின் பின்பக்கத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

படம் வெளிவந்தது. அப்பாதான் பத்திரிகையை வாங்கி வந்தார். அம்மா விரித்துப் பார்த்து, "நம்ம ஸ்டுடியோக்காரு நல்லாத்தான் எடுத்துருக்காரு" என்றாள். படத்தின் அடியில் அவர் பெயர் இருந்தது. நான் செருப்புக்கூடப் போடாமல் கடைத்தெருவுக்கு ஓடினேன்.

"அண்ணே, இது என் படம்."

"ஒன் படந்தான். யாரு இல்லைங்கறா? கவர்ல என் பேரு இருந்துச்சு, அதப் போட்டுட்டான்."

"சீட்டு ஒட்டுறேன்னீங்களே?"

"ஒட்டுனேன். பசை காஞ்சு உழுந்துருக்கும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "யோசிச்சுப் பாரு தங்கச்சி. வயசுப் பொண்ணு மீன் துறைல நின்னு படம் புடிச்சான்னு பத்திரிகைல வந்தா, நாளைக்கு மாப்ள வீட்ல என்ன பேசுவாங்க? எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்."

என் நல்லதைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே மாட்டினார். நெகட்டிவைக் கேட்டால், "தேடித் தர்றேன்" என்பார். கல்லூரிக்குப் போகிற வழியில் அந்தக் கடை. போகும்போது ஒரு சாபம், வரும்போது ஒரு சாபம். அவர் எடுக்கும் கல்யாணப் படத்திலெல்லாம் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். டார்க்ரூம் கதவை யாராவது நடுவில் திறக்க வேண்டும். கோயிலில் செபம் சொல்லும்போது பிறர் பிழையைப் பொறுக்கும் வரி வந்தால் நான் வாயை மூடிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லவில்லை. பாவமென்று தோன்றினால்தானே சொல்வதற்கு.

அடுத்த வருடம் எங்கள் ஊர்ப் பள்ளி மண்டபம் ஒன்றில் புகைப்படக் கண்காட்சி வைப்பதாக அறிவித்தார்கள். கரையோர வாழ்க்கைதான் பொருள். புதுச்சேரியிலிருந்து ஒரு பேராசிரியை வந்து தேர்ந்தெடுப்பார். தேர்ந்த படங்கள் பாரிஸுக்குப் போகும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தமிழிலும் பிரெஞ்சிலும் விளக்கம் எழுதி வைக்க வேண்டும், பின்பக்கத்தில் எடுத்தவர் பெயர்.

ஸ்டுடியோக்காரர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் சுருட்டிய காகிதம். அம்மா காபி கொடுத்தாள்.

"தங்கச்சிக்குக் கோவமெல்லாம் போயிருக்கும்ல? ஒரு நாலு வரி பிரெஞ்சு எழுதிக் குடு. ஊருக்குத்தான பெரும?"

சுருளை விரித்தார். என் படம்தான், முறத்தளவுக்குப் பெரிதாகியிருந்தது. பின்பக்கத்தில் ஸ்டுடியோவின் ஊதா முத்திரை. வேண்டா வெறுப்பாக முன்பக்கத்தைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

கடல் இடப்பக்கம் இருந்தது. கூடைக்காரப் பெண் வலக்கோடிக்குப் போயிருந்தார். நெகட்டிவைப் புறம் மாற்றி வைத்து அச்சிட்டிருக்கிறார் மனிதர். படம் முழுவதும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கிறது. அந்தக் காலையில் அங்கே நின்றவளுக்கு ஒரு நொடி போதும். நிற்காதவருக்கு ஒரு வருடமும் போதாது.

"கோவம் எதுக்குண்ணே. எழுதித் தர்றேன்" என்றேன்.

வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக ஒரு விளக்கம் எழுதியதில்லை. தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி முடித்ததும் படிக்கச் சொன்னார். படித்தேன்: "கிளிஞ்சல்மேடு. விடிந்ததும் வடக்கே பார்த்து எடுத்தது. வலப்பக்கம் கடல். இடக்கோடியில் கூடையை இடுப்பில் ஏற்றும் பெண், இவ்வூர்க்காரர்." அன்று கேட்டு வைத்திருந்த அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதியிருந்தேன்.

ஸ்டுடியோக்காரர் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பிரெஞ்சு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய ஆளு எடுத்த மாதிரில்ல இருக்கு!"

"பெரிய ஆளுதாண்ணே எடுத்தது."

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

மறுநாள் கிளிஞ்சல்மேட்டுக்கு சைக்கிளை விட்டேன். கூடைக்காரப் பெண்ணைத் தேடிப் பிடித்து, "அக்கா, ஒங்க படத்தப் பெரிசா மாட்டப்போறாங்க. வந்து பாருங்க" என்றேன்.

"என் மூஞ்சிய வாங்கிட்டுப் போனவதான நீ? வர்றேன். வெல சரியா போட்ருக்கானான்னு பாப்போம்."

கண்காட்சியன்று மண்டபத்தில் நல்ல கூட்டம். படங்களைப் பலகையில் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். ஸ்டுடியோக்காரர் சலவைச் சட்டையோடு என் படத்துக்குப் பக்கத்தில், கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் போல நின்றார். பேராசிரியை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விளக்கத்தைப் படித்தார்.

"அழகா எழுதிருக்கீங்க. யார் எழுதுனது?"

"படமும் நாந்தாங்க மேடம், எழுத்தும் நாந்தாங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எழுத்தையும் எடுத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, சுருக்குக் கயிற்றை அவரே இழுக்கட்டும் என்று விட்டேன்.

பேராசிரியை படத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வலப்பக்கம் கடல்னு எழுதிருக்கீங்க. கடல் இந்தப் பக்கம்ல இருக்கு?"

ஸ்டுடியோக்காரர் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். கழுத்து வியர்த்தது. "அது வந்துங்க... தெக்கப் பாத்து எடுத்த படம். எழுதுனது இந்தத் தங்கச்சிதான். மாத்தி எழுதிருச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். கூடைக்கார அக்கா இரண்டு பெண்களோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். நேரே படத்தின் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தார்.

"மூஞ்சி எனதுதான்" என்றார். பிறகு குனிந்து உற்றுப் பார்த்தார். "நான் எந்தக் காலத்துல வலது தோள்ல மாராப்பு போட்டேன்? எவன்டா என் சீலைய மாத்திக் கட்டுனவன்?"

கூடவந்த பெண் தோள்பட்டையில் இடித்தாள். "ஒனக்கு மட்டுமாடி? எல்லாருக்கும்ல மாத்திக் கட்டிருக்கான்! வள்ளத்துக்குத்தான் கட்டாம விட்டுருக்கான்!"

மண்டபமே சிரித்தது. பேராசிரியையும் சிரித்துவிட்டு, ஸ்டுடியோக்காரர் பக்கம் திரும்பினார்.

"எழுத்து சரியாத்தாங்க இருக்கு. நெகட்டிவத்தான் திருப்பி வச்சுட்டீங்க. அது யாருக்கும் நடக்கும். ஆனா படம் எடுத்தவருக்குக் கடல் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு தெரியாமப் போவுமா? எழுதுன பொண்ணுக்கு மட்டும் எப்புடித் தெரிஞ்சுது?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"சொல்லுங்க. எப்புடித் தெரிஞ்சுது?"

"அது அங்க நின்னுச்சுங்க."

"நின்னு?"

"...எடுத்துச்சு."

ஒரு வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனங்கள் என்னிடம் நிறைய இருந்தன. ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் அப்படியே விட மனம் வரவில்லை.

"என்னண்ணே சொன்னீங்க? கூட்டத்துல காது கேக்கல."

தரையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னார். இந்தமுறை கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். அவர் முகம் இருந்த நிலையைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

சரியாக அச்சிட்ட படம் வந்தால் பாரிஸுக்கு அனுப்புவதாகப் பேராசிரியை சொன்னார். அதை ஸ்டுடியோக்காரரே மறுநாள் அச்சிட்டார், நான் பக்கத்தில் நின்றேன். நெகட்டிவையும் வாங்கிக்கொண்டேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, மேசை இழுப்பறையில் மேலாகவே கிடந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது மண்டபத்தில் நடந்த கடைசிக் காரியத்தை. பேராசிரியை குண்டூசிகளைப் பிடுங்கி, அந்தப் புரண்ட படத்தை என் கையில் கொடுத்து, "பேர் எழுதிருங்க" என்றார். மேசையில் கவிழ்த்தேன். ஊதா முத்திரையைக் குறுக்கே அடித்தேன். பேனாவை ஊன்றி என் பெயரின் முதல் எழுத்தைத் தொடங்கும்போது, பின்னாலிருந்து பழக்கதோஷத்தில் ஒரு முணுமுணுப்பு வந்தது.

"அழுத்தாத தங்கச்சி. முன்னாடி தெரியும்."

அழுத்தினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். திருப்பிப் பார்த்தபோது, வள்ளத்துக்கு மேலே வெளுத்த வானத்தில், இடம் வலம் மாறி, என் பெயர் முழுசாகப் புடைத்துக்கொண்டு நின்றது. தொழில் தெரிந்த மனிதர். சொன்னது சொன்னபடியே தெரிந்தது.