விரதக்காரருக்கென்று வைத்த குடம்

என் மகள் கௌசலா சாகப்போகிறாள் என்று நான் நம்பிய ஒரு நாள் உண்டு. 1991 ஐப்பசி, கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. முருகன் அடியார்களான உங்கள் முன் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் பிழையும் அதில் இருக்கிறது.

அப்போது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு மகளிர் கல்லூரியின் விடுதிக்கு நான் பொறுப்பாசிரியை. மகள் அங்கேயே உயர்தரம் படித்தாள். தீபாவளிக்கு முந்திய கிழமை விடுதியில் வாந்திபேதி தொடங்கியது. மழையில் கிணறுகள் நிறைந்திருந்தன. மண்ணெண்ணெய் இல்லை, விறகெல்லாம் ஈரம். போரால் பாதைகள் மூடியிருந்ததால் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பவும் வழியில்லை.

அதிபர் வகுப்புகளை நிறுத்தினார். நூலகத்து மேசைகளை ஒதுக்கி, நோயுற்றவர்களைப் பாயில் கிடத்தினோம். சுகாதாரப் பரிசோதகர் வந்து விடுதிக் கிணற்றுக்குக் குளோரின் போட்டார். யாருக்கு எப்போது நோய் கண்டது என்று ஒரு கொப்பியில் நாளும் நேரமும் குறிப்பது என் வேலை. புதன்கிழமை, புதிதாக எவருக்கும் இல்லை என்று எழுதினேன். அன்றுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

வியாழன் விரதம் தொடங்கியது. நானும் மகளும் இன்னும் சில பிள்ளைகளும் ஆறு நாளும் தண்ணீர் மட்டும். அந்தத் தண்ணீரில் குளோரின் மணம்.

"ரீச்சர், உந்தத் தண்ணியைக் குடிச்சால் முருகனுக்கே தும்மல் வரும்," என்றாள் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விரதத்துக்கு மருந்து கலக்காத தண்ணீர்தான் சரி என்று எனக்கும் பட்டது. பக்கத்துக் கோயில் கிணற்றில் அள்ளி, விரதக்காரருக்கென்று ஒரு குடத்தைச் சாமியறையில் வைத்தேன். காய்ச்சவில்லை. காய்ச்சினால் அது தீர்த்தமா என்று நினைத்தேன். அதிபரிடம் சொல்லவுமில்லை.

சனிக்கிழமை இருவர் விழுந்தார்கள். ஞாயிறு மூவர். திங்கள் காலை கௌசலா. மத்தியானத்துக்குள் அவள் கண்கள் குழிவிழுந்து, விரல் நுனிகள் சுருங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் சேலைன் முடிந்திருந்தது. உப்பும் சீனியும் கரைத்துப் பருக்கச் சொன்னார், அங்கிருந்து எங்களைப் பார்க்க வந்த தாதி மிஸி. மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நாளைக்குச் சூரன்போர் அம்மா. ஒரு நாள்தானே," என்றாள். குரல் வெறும் காற்றாக வந்தது.

சாமியறைக்கு ஓடினேன். "முருகா, இவளை விடு" என்பதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கிற நான் அதைக் குறிக்கவில்லை. பிறகு மனம் ஓய்ந்தது. கொப்பியைத் திற என்று உள்ளே யாரோ சொன்னதுபோல் இருந்தது. திறந்தேன். சனி முதல் நான் எழுதிய பெயர்களைப் படித்தேன். அத்தனையும் விரதக்காரர். வேறு ஒரு பெயர்கூட இல்லை. எனக்கு முன்னால் அந்தக் குடம் இருந்தது.

நானும் அதில்தான் குடித்தேன். எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றும் தெரியாது.

நேரே அதிபரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதிரையை விட்டு எழுந்தார்.

"அழுகிறதைப் பிறகு பாப்பம் ரீச்சர். முதல் உந்தக் குடத்தைக் கவிட்டுப்போட்டு, பிள்ளையைக் குடிக்கப் பண்ணுங்கோ."

குடத்தைக் கவிழ்த்தேன். நூலகத்துக்குப் போய், உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரை ஒரு கோப்பையில் வார்த்து, மகள் பார்க்க நான் குடித்தேன்.

"என்னம்மா செய்யிறியள்? உங்கடை பதினேழு வருச விரதமெல்லே."

"முறிஞ்சு போச்சு. முருகனோடை நான் கதைக்கிறன். நீ குடி."

வாயைத் திறந்தாள். கரண்டி கரண்டியாகப் பருக்கினேன். குடித்ததைச் சத்தியெடுத்தாள், திரும்பவும் பருக்கினேன். விளக்கு வைக்கும் நேரம் அவளுக்குச் சிறுநீர் போனது. "இனிப் பயமில்லை," என்றார் மிஸி.

மறுநாள் சூரன்போருக்கு நாங்கள் போகவில்லை. அதற்குப் பிறகு என் கொப்பியில் புதிய பெயர் ஏறவில்லை. விடுதியில் ஒரு பிள்ளையையும் இழக்கவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து காய்ச்சி ஆறிய தண்ணீரோடுதான் விரதம் பிடிக்கிறேன். விரதப் பிள்ளைகளுக்கு நானே வார்க்கிறேன்; என் பிழையையும் சொல்லித்தான் வார்க்கிறேன். கௌசலா இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். உங்கள் வீட்டுக்குள் பயம் நுழைந்திருந்தால் முருகனைக் கூப்பிடுங்கள். வருவான். வந்து முதலில் உங்கள் பிழையைத்தான் காட்டுவானென்றால், முகத்தைத் திருப்பாதீர்கள். எனக்கு அப்படித்தான் காட்டினான். காட்டிவிட்டு, என் பிள்ளையைத் தந்தான்.