இரண்டு மீட்டர், ஓர் அடுப்பு

எங்கள் வீட்டு முன்சுவரில் இரண்டு கரண்ட் மீட்டர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று என் மாமனார் முன்வீட்டுக்கு வாங்கியது. இன்னொன்று, பின்னால் இரண்டு அறை சேர்த்தபோது வாங்கியது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடக்கே போய் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த என் கணவரின் அண்ணன் அனுப்பிய காசில் கட்டிய அறைகள். அண்ணனும் இப்போது இல்லை, மாமனாரும் இல்லை. இரண்டு மீட்டரும் இன்னும் மாமனார் பெயரிலேயே ஓடுகின்றன.

பின்னறைகளில் அண்ணனின் மனைவி இருக்கிறார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். மகளை ஆத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். மீட்டர் இரண்டு என்றாலும் எங்களுக்குச் சமையல்கட்டு ஒன்றுதான். நான் சோறு வடிப்பேன், அக்கா குழம்பு வைப்பார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களிலும் அவர் வைத்த குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிட்டேன். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த கிண்ணத்தைக் கழுவி வெறுமனே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா அதைப் பிடுங்கி ஒரு பிடி சர்க்கரை போட்டுத் தந்தார். "நம்மூட்டு ஏனமுன்னா வெறுமனே வெக்கலாம். அடுத்தூட்டு ஏனத்துல எதாச்சும் போட்டுத்தான் குடுக்கோணும்" என்றார். இது தெரியாமலா வளர்ந்தாய் என்று ஒரு பார்வை வேறு.

கரண்ட் பில் கட்டுவது என் பொறுப்பு. ஒரு காலத்தில் அது வேலையே இல்லை. ரீடிங் எடுப்பவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். அட்டையோடு போய் வரிசையில் நின்று கட்டிவிட்டு, திரும்பும்போது காய் வாங்கி வருவேன். பிறகு அட்டையில் எழுதுவதை நிறுத்தினார்கள். போனுக்குத் தகவல் வரும் என்றார்கள். அது செத்துப்போன மாமனாரின் பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தால் ஆதாரை இணைக்கச் சொன்னார்கள். இணைத்த பிறகு எந்த ஆதார் எந்த மீட்டரோடு போனது என்று எங்களுக்கே விளங்கவில்லை. தொகை கொஞ்சம் பெரிதானால் கவுண்டரில் ரொக்கம் வாங்கமாட்டார்கள், போனில் கட்ட வேண்டும். போனில் கட்டினால் கணக்கிலிருந்து பணம் போய்விடும், கட்டவில்லை என்றே காட்டும். கேட்டால் ரெண்டு நாள் பாருங்கள் என்பார்கள். மேட்டூரில் கரண்ட் எடுக்க இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள் என்று என் கணவரிடம் கத்துவேன். அவர் சிரிப்பார். வரிசையில் நிற்பது அவர் இல்லையே.

இதெல்லாம் வெறும் எரிச்சல்தான். உண்மையான கேடு அடுத்த மாற்றத்தில் வந்தது. ஒரே கதவு எண்ணில் ஒரே பெயரில் இருக்கும் இணைப்புகளை ஒன்றாக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒன்றாக்கினால் இலவச யூனிட் ஒரு மீட்டருக்குத்தான். இரண்டு வீட்டு யூனிட்டும் கூடி மேல்விகிதத்துக்கு ஏறிவிடும். பின்னால் தனிக்குடும்பம் இருக்கிறது என்று காட்டினால் விட்டுவிடுவார்களாம்.

"தனி வாசல் இருக்கோணுமுங்க. தனி அடுப்பு இருக்கோணும். ஆள் வந்து பாப்பாங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"வாசல் தனிதானுங்க. சோறு ஒட்டுக்காத்தான் ஆக்கறோம்."

"அப்ப நீங்க ஒரே குடும்பமுங்க."

திருட்டைக் கண்டுபிடித்த குரலில் அதைச் சொன்னார். ஒரே குடும்பம் என்பதை அந்தக் குரலில் ஒருவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

என் கணவர் சுலபமாக ஒரு வழி சொன்னார். ஓர் அடுப்பை வாங்கிப் பின்னறையில் வைப்பது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் எடுத்துவிடுவது. "கணக்குக்கு நீங்க தனிதானுங்களே அண்ணி" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆமா சாமி. கணக்குக்குத் தனிதான்" என்றார்.

அடுப்பையும் ஒரு சின்ன சிலிண்டரையும் நானே போய் வாங்கி வந்தேன். பார்வையிட வந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். பர்னரைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல சமைச்ச மாதிரியே தெரியலீங்களே. நீங்க தனியாத்தான் ஆக்கிச் சாப்புடறீங்களாம்மா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "தனியாத்தானுங்க" என்றார். அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வந்தவர் அதோடு விடவில்லை. ரேஷன் கார்டு கேட்டார். எங்கள் எல்லோருக்கும் ஒரே கார்டு. ஒரே கார்டு என்றால் ஒரே குடும்பம், அக்காவின் பெயரை எடுத்துத் தனிக் கார்டுக்கு எழுதிப் போடுங்கள், நான் மறுபடி வருகிறேன் என்றார்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். பெயரை நீக்கக் காரணம் கேட்டது அந்த இயந்திரம். அவள் திரையைப் பார்த்தபடி எங்களைக் கேட்டாள். "என்ன காரணமுன்னு போடட்டுமுங்க? இறப்பா, கல்யாணமா, தனிக்குடித்தனமா?"

தனிக்குடித்தனம் என்பது புதுசாகக் கல்யாணமானவர்களுக்குச் சொல்வது. பாலும் பழமும் பானையுமாகக் கொண்டுபோய் விட்டுவருவோம். புருஷனை இழந்து, மகளையும் அனுப்பிவிட்டு நிற்கிற பெண்ணுக்கு என்ன தனிக்குடித்தனம்?

"தனிக்குடித்தனமுன்னே போடு சாமி. வேற என்னத்தப் போடுவ" என்றார் அக்கா. பஸ்ஸில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுபடி வருகிறேன் என்று சொல்லிப் போனவருக்காக அடுப்பில் புழங்கிய தடம் இருக்க வேண்டும். முதலில் அக்கா அதில் பால் காய்ச்சினார். பிறகு காலைக் காப்பி. பிறகு, வெந்நீர் வைக்கும்போதே ஒரு கை அரிசியும் போட்டேன் என்றார். பின்பக்கத்திலிருந்து தாளிக்கிற வாசம் வந்த அன்று நான் கரண்டியோடு நின்றுவிட்டேன். எங்கள் குழம்பை அன்று நான் வைத்தேன். என் கணவர் உப்புப் போதவில்லை என்றார்.

ஆள் வரவே இல்லை. பொறுக்கமாட்டாமல் ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் வேறொருவர் இருந்தார். "அதெல்லாம் இப்பக் கேக்கறதில்லைங்க. நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றார். பழையபடி இரண்டு மீட்டரும் தனித்தனியாகவே ஓடுமாம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நிறுத்தி வைத்ததை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எதையெதையோ போனுக்கு அனுப்புகிறார்களே.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போனேன்.

"அக்கா, அதெல்லாம் இல்லீன்னு ஆயிருச்சு. இந்த அடுப்ப எடுத்தரலாம். ராத்திரிக்கு அங்க வந்துருங்க."

அக்கா அடுப்பை அணைத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் கண்ணு. இன்னிக்கு இல்லீம்பாங்க, நாளைக்கு மறுபடி மாத்துவாங்க. அவிய வந்து கேக்கறப்பவெல்லாம் தனி, ஒட்டுக்கான்னு நான் எத்தன தடவ மாத்திச் சொல்றது? ஒருக்கா சொன்னதே போதும்."

"அது பொய்யிதானுங்க அக்கா."

"சொல்றப்பப் பொய்யாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவரிடம் கோபப்பட முடியவில்லை. கணவரிடம் கோபப்பட்டேன். அவர் யாரிடமோ போனில் கோபப்பட்டார். அன்று இரவு தக்காளி ரசம் வைத்தேன். அக்காவுக்குப் பிடிக்கும். மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், சூடாக இருக்கிறது என்றார்.

காலையில் கிண்ணம் எங்கள் சமையல் மேடையில் இருந்தது. எப்போதும் போலப் பளிச்சென்று விளக்கியிருந்தார். சரி, கோபமில்லை என்று நினைத்துக்கொண்டு அலமாரியில் வைக்க எடுத்தேன். கனத்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு பிடி சர்க்கரை இருந்தது.