வெளிச்சத்தைக் குறைத்து வைத்தவள்

யோகலட்சுமிக்கு வயிற்றெரிச்சல் என்றால் சாதாரண வயிற்றெரிச்சல் இல்லை. கொழுந்தன் ராம்குமாரைக் கட்டிக்கொண்டு வந்த பிரீத்திகாவுக்கு அவள் அண்ணன் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். மறுவாரமே யோகலட்சுமி தன் கணவன் செந்தூர்பாண்டியைப் பிய்த்துப் பிடுங்கி, அதே போனை அதே நிறத்தில் வாங்கிவிட்டாள். பழைய போன் நன்றாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன? சின்னவள் கையில் ஒன்று பளபளக்கும்போது மூத்தவள் சும்மா இருப்பாளா!

மாமனார் சீனிவாசகத்துக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சகம். ஆடிப்பெருக்குக்குப் புது ஆல்பம் வெளிவரும். அதிலுள்ள படங்களைப் பார்த்துத்தான் ஊர் ஊராக ஏஜெண்டுகள் ஆர்டர் தருவார்கள். அவர்களிடம் பேசி, படம் அனுப்பி, ஆர்டர் பிடிப்பது யோகலட்சுமியின் வேலை. ஆபீஸில் அந்த நாற்காலிதான் அவளுக்கு மரியாதை. இப்போது மாமனார் பிரீத்திகாவுக்கும் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டுவிட்டார்.

“எந்த ஏஜெண்டு எம்புட்டு கேக்காருன்னு இவ பாத்துட்டான்னா நம்ம கத அம்புட்டுதான்” என்று கணவனிடம் புலம்பிய யோகலட்சுமி, போனின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தாள். குனிந்து உற்றுப் பார்த்தால் அவளுக்கு எழுத்து தெரியும். பக்கத்தில் இருப்பவளுக்கு வெறும் கறுப்பு. எப்படி என் சாமர்த்தியம்!

சாமர்த்தியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மத்தியானமானால் கண் எரிந்தது, நெற்றிப்பொட்டு தெறித்தது, குமட்டிக்கொண்டு வந்தது. சந்தேகமே இல்லை, சின்னவள்தான் கண் வைத்துவிட்டாள்! உப்பும் மிளகாயும் எடுத்துத் தனக்கும் போனுக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டாள். ஒன்றும் தீரவில்லை. எரியும் கண்ணோடு மாற்றிப் படித்து, முன்கூட்டியே லட்சுமி படம் கேட்ட கோவில்பட்டி ஏஜெண்டுக்கு முருகன் படத்தை ஆர்டர் போட்டதுதான் மிச்சம்.

சீனிவாசகம் கூப்பிட்டுவிட்டார். “எம்மா, ஒனக்கு கண்ணு முடியல. ஆடிக்குள்ள சரியாகலன்னா இந்த சீசன பிரீத்திகா பாக்கட்டும்.”

யோகலட்சுமியின் நாற்காலி சின்னவளுக்கா! அதற்குப் பதில் கண்ணே போகலாம்.

விருதுநகரில் கண் டாக்டரிடம் போக வேண்டும். செந்தூர்பாண்டிக்கு லோடு ஏற்றும் வேலை. துணைக்கு யாரை அனுப்பினார்கள் என்கிறீர்கள்? பிரீத்திகாவைத்தான்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, கண்ணில் கோளாறு இல்லை என்றார். யோகலட்சுமியின் போனை வாங்கி மேசையில் வைத்து, தன் போன் கேமராவை அதன் மேல் பிடித்தார். கேமராவில் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் ஓடின.

“பாத்தீங்களா? இந்த மாதிரி போன்ல வெளிச்சத்தைக் குறைச்சா, விளக்க வேகமா அணைச்சு அணைச்சுப் போடுற மாதிரி சிமிட்டும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனா சில பேருக்கு ஒத்துக்காது.”

“இவளும் இதே போன்தான வச்சிருக்கா. இவளுக்கு ஏன் ஒண்ணும் செய்யல?” அதுதானே அவள் கவலை!

டாக்டரம்மா பிரீத்திகா கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். “அவங்க நல்ல வெளிச்சமா வச்சிருக்காங்களே. கூட்டி வைங்க, வலி குறையும். ஆமா, நீங்க ஏன் இவ்வளவு இருட்டா வச்சிருக்கீங்க?”

“சார்ஜ்... சார்ஜ் நிக்கணும்லா” என்று இழுத்தாள் யோகலட்சுமி.

“இல்ல டாக்டர். நான் பாத்துரக் கூடாதுன்னு அக்கா அப்பிடி வச்சிருக்காக” என்றாள் பிரீத்திகா. கோபமே இல்லாமல் சொன்னாள்.

யோகலட்சுமி மேசையிலிருந்த போனை வெடுக்கென்று எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் வேறு வழியில்லாமல் வெளிச்சத்தை முழுக்க ஏற்றினாள். நெடுநேரம் பார்த்தும் நெற்றி தெறிக்கவில்லை. அப்பாடா, நாற்காலி தப்பியது! ஏஜெண்டுகளின் பேரும் கணக்கும் மடியில் பட்டப்பகலாகக் கிடந்தன. பக்கத்தில் பிரீத்திகா. அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும். ‘பாத்தியா, நான் நெனச்சது சரிதான்’ என்று பிடித்துக்கொள்ளலாம். யோகலட்சுமி ஓரக்கண்ணால் காத்திருந்தாள்.

பிரீத்திகா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். சிவகாசி வரும்வரை திரும்பவே இல்லை. பாவி மகள், இதிலும் அவளே ஜெயித்துவிட்டாளே என்று யோகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.