அதிபர் அம்மாவின் தமிழ்

திருகோணமலைக்கு வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பருப்புக்கறி ஊற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து "காணுமா?" என்று கேட்டார். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். "நல்லா தெரியுதே" என்றேன். அவர் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, "இப்ப காணுமா?" என்றார். "தெரியுது, தெரியுது" என்றேன். சோறு பருப்பில் மிதக்கத் தொடங்கிய பிறகுதான் பக்கத்திலிருந்த என் கணவர் "காணும் அண்ணை, காணும்" என்று கையை நீட்டி நிறுத்தினார். இந்த ஊரில் 'காணும்' என்றால் 'போதும்'. வேறு நாட்டுக்குப் போனால் வேறு மொழி படிக்க வேண்டியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தாய்மொழியையே இன்னொரு தடவை படிக்க வேண்டியிருக்கும் என்று தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டபோது எனக்கு யாரும் சொல்லவில்லை.

இலங்கைத் தமிழர்கள் கடல் கடந்து போன கதைகளைத்தான் நாம் அதிகம் வாசித்திருக்கிறோம். நான் எதிர்த்திசையில் வந்தவள். என் கணவர் சிவராசா சிறுவனாக இருந்தபோது திருகோணமலையிலிருந்து தப்பி, படகில் ராமேஸ்வரம் வந்து, அகதி முகாமில் வளர்ந்தவர். எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த இடத்தில் பழக்கம். திருமணமாகிச் சில வருடங்களில் இங்கே போர் முடிந்தது. லிங்கநகரில் தங்கள் காணி திரும்பக் கிடைத்துவிட்டதாக அவருடைய அக்கா தகவல் அனுப்பினார். "ஊருக்குப் போவமா?" என்று கணவர் கேட்டார். அவர் ஊர் என்று சொன்னது எனக்கு வெளிநாடு. சரி என்றேன்.

இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் டியூட்டரியில், நம்மூர்ப் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரியான சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மாடி வகுப்பறையின் ஜன்னலில் உள்துறைமுகமும், அக்கரையில் மாவு ஆலையின் உயரமான குதிர்களும் தெரியும். என் பாடம் ஆங்கிலம். ஆனாலும் பிள்ளைகளின் தமிழைத் திருத்தாமல் என்னால் இருக்க முடிந்ததில்லை. "கதைக்கிறதுன்னா ஸ்டோரி சொல்றது. பேசுறதுன்னு சொல்லுங்க." "ஏலாது இல்ல, முடியாது." விளையாட்டாகத்தான் சொல்வேன். பிள்ளைகளும் சிரிப்பார்கள். இத்தனைக்கும் சென்னையில் கல்லூரி விடுதியில் என்னுடைய 'சொல்லுதேன்', 'வருதேன்' எல்லாம் மற்றப் பெண்களுக்குப் பெரிய வேடிக்கை. அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்தவளுக்கு இங்கே வந்ததும் எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை.

இந்த வருடம் ஆங்கிலம் காதில் விழட்டும் என்பதற்காக வகுப்பில் ஒரு பழைய அமெரிக்கப் படத்தைப் போட்டுக் காட்டினேன். முன்பு உப்புவெளியில் ஒரு விடுதியில் வேலை பார்த்தபோது, அங்கே தங்கியிருந்த தலை நரைத்த வெள்ளைக்காரப் பெண்மணி கொடுத்துவிட்டுப் போன படம். வெளிவந்த காலத்தில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லையாம். பிறகு அவரைப் போன்றவர்கள் விடாமல் பார்த்துப் பார்த்து, இன்றைக்கும் வருடத்துக்கு ஒரு தடவை பள்ளி உடுப்புப் போட்டுக்கொண்டு தியேட்டரில் கூடி, திரையோடு சேர்ந்து வசனம் சொல்லிப் பாடுவார்களாம். "நீங்க டீச்சரா?" என்று கேட்டேன். "ஐயோ, நான் ஹெட்மிஸ்ட்ரஸ்!" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உண்மையா, படத்தில் வருவதைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படத்தின் கதை லேசானது. ராக் பாட்டுப் பைத்தியம் பிடித்த மாணவர்கள். பாட்டையே ஒழித்துக்கட்ட வரும் புதுத் தலைமையாசிரியை. நடுநடுவே ஆட்டமும் கோமாளித்தனமும். கடைசியில் மாணவர்கள் பள்ளிக்கூடத்தைக் கைப்பற்ற, கட்டடமே வெடித்துச் சிதறும். என் மாணவர்கள் கடைசிக் காட்சி வரைக்கும் மேசையில் தாளம் போட்டார்கள். வெடித்தபோது யாரும் கைதட்டவில்லை. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் சஃப்னா மட்டும் மெதுவாக, "பள்ளிக்கூடம் பாவம் மிஸ்" என்றாள்.

அவள்தான் இரண்டு நாள் கழித்து வந்து நின்றாள். "மிஸ், கலைவிழாவுக்கு இதை நாங்க தமிழ்ல நாடகமாப் போடட்டா? வெடிக்கிறதை மட்டும் மாத்திறம்." எனக்கு ஒரே பெருமை. வேறு எந்த ஆசிரியர் இப்படிப்பட்ட படத்தைக் காட்டியிருப்பார், வேறு யார் இதற்கு அனுமதி கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டேன். "ஒத்திகைக்கு மட்டும் வராதீங்க மிஸ், உங்களுக்கு சர்ப்ரைஸ்" என்றார்கள். அதற்கும் பூரித்துப்போனேன்.

கலைவிழா அன்று மண்டபம் நிறையப் பெற்றோர்கள். நான் கணவரோடு முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் கிட்டாரும் டிரம்ஸும் அதிர, பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை வந்தாள். இங்கே தலைமையாசிரியரை அதிபர் என்பார்கள். அதிபர் என்றால் நமக்கு வெள்ளை மாளிகைதானே நினைவுக்கு வரும். அதிபர் அம்மாவாக வந்தவள் சஃப்னா. பருத்திச் சேலை, இடுப்பில் செருகிய முந்தானை, கக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். "ஏ, என்ன சத்தம் அங்க? சொல்லுதேன்ல, கேக்க மாட்டீங்க?" என்றாள். மண்டபம் வெடித்துச் சிரித்தது. இந்தியாவின் டிவி சீரியல்களை இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பார்க்கிறார்கள். அந்த மாமியார்களைத்தான் நக்கலடிக்கிறார்கள் என்று நினைத்தேன். நானும் சிரித்தேன். சாதாரணமாக இல்லை, கணவரின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் மாணவர்களின் திறமையைப் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அவர்களுக்கும் தலையாட்டினேன்.

ஒரு பையன் முன்னால் வந்து, "பாடாம இருக்க எங்களுக்கு ஏலாது, அதிபர்!" என்றான்.

"ஏலாதுன்னு ஒரு சொல்லே கெடையாது. முடியாதுன்னு சொல்லு. எங்க, திருப்பிச் சொல்லு. மு-டி-யா-து."

கிட்டார் ஒரு தடவை உறுமியது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் "ஏலாது! ஏலாது! ஏலவே ஏலாது!" என்று பாட ஆரம்பித்தார்கள். பெற்றோர்களும் கைதட்டிக்கொண்டே சேர்ந்து பாடினார்கள். கைதட்டுவதற்காகத் தூக்கிய என் கைகள் அப்படியே நின்றன. அந்தப் போத்தல் என்னுடையது. அந்த முந்தானைச் செருகல் என்னுடையது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் முதல் வசனத்திலேயே தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து நானே எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருக்கிறேன். முகம் எரிந்தது. எழுந்து போனால் இன்னும் கேவலம் என்று உட்கார்ந்திருந்தேன்.

முடிவை அவர்கள் சொன்னபடியே மாற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடம் வெடிக்கவில்லை. அட்டையில் செய்த ஒரு கப்பல் வந்தது. பிள்ளைகள் அதிபர் அம்மாவைத் தூக்கி அதில் ஏற்றி, இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார்கள். அவள் கையசைத்தபடியே, "ஒழுங்கா பேசுங்க, சொல்லுதேன்ல!" என்று கத்திக்கொண்டே போனாள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்ததில் வந்த கண்ணீர்.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது, "நீங்களுமா சிரிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நல்லாச் செய்தவள். சிரிப்பு வந்தா என்ன செய்யிறது?" என்றவர், தொடர்ந்து, "உங்கட வீட்டில நான் ஓம் எண்டு சொல்லேக்கையும் எல்லாரும் சிரிச்சனீங்கள்தானே. நானும் சேந்து சிரிச்சனான். சிரிக்காட்டி அழ வேணும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆட்டோக்காரரிடம் வழி சொல்கிற அதே குரலில் சொன்னார்.

அவர் முதல் தடவை எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா தம்பி?" என்று கேட்க, "ஓம்" என்றார். "ஏல, மந்திரம் சொல்லுதாருடா!" என்றான் என் அண்ணன். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நான் சிரித்தது பிரியத்தில் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த தடவை வந்தபோது அவர் "ஆமாங்க" என்று சொன்னார். தூத்துக்குடியில் இருந்த காலம் முழுக்க அவர் வாயிலிருந்து இன்னொரு ஓம் நான் கேட்கவில்லை. அது எங்கே போனது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. திருகோணமலை வந்து இறங்கியதும், பஸ் நிலையத்தில் யாரோ "லிங்கநகருக்கோ?" என்று கேட்க, அவர் "ஓம்" என்றபோது அவருடைய குரல் கொஞ்சம் தடித்துப் போயிருந்தது. அலைச்சலில் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்து மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் டியூட்டரி நிர்வாகி என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். சஃப்னாவும் அவளுடைய உம்மாவும் முன்பே வந்து நின்றார்கள். "வெளியால இருந்து வந்து படிப்பிக்கிற மனிசியை இப்பிடியே அவமானப்படுத்திறது? இந்தப் பிள்ளையை இனி வகுப்பில வச்சிருக்க ஏலாது" என்றார் நிர்வாகி. எனக்காகத்தான் பேசினார். அந்த 'வெளியால இருந்து வந்து' மட்டும் என் காதில் நின்றுவிட்டது.

உம்மா கையைப் பிசைந்தபடி, "டீச்சர், புள்ள தெரியாமச் செஞ்சிட்டா. ஊட்டுலயும் இப்பிடித்தான், எல்லார மாதிரியும் கதைச்சிக் காட்டுவா. பரீட்சை வருது, நிப்பாட்டிப் போடாதீங்க" என்றார்.

சஃப்னா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "என்னை மன்னிச்சிடுங்க மிஸ். இனிமே இப்படி பண்ண மாட்டேன்."

தூத்துக்குடித் தெருவில் நின்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படி அச்சு அசலாக இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கேலி செய்வதாக நினைத்து, "இங்கயும் பகிடியே?" என்று நிர்வாகி எழுந்துவிட்டார்.

சஃப்னாவின் கண் நிறைந்துவிட்டது. "பகிடி இல்ல சேர். மரியாதையாச் சொல்லணும் எண்டுதான்... அதுதான் சரியான தமிழ் எண்டு மிஸ்தானே சொன்ன."

மேடையில் பட்டதைவிட இது ஆழமாகப் பட்டது. அந்தப் பிள்ளை உண்மையாகவே மன்னிப்புக் கேட்க நினைத்தபோது, அவளுடைய சொந்தத் தமிழ் அதற்குத் தகுதியில்லாதது என்று நினைத்திருக்கிறாள். நினைக்க வைத்தவள் நான். "உன் தமிழ்லயே சொல்லும்மா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஏலாது மிஸ்" என்றாள். அழுகையில் வார்த்தை வரவில்லையா, சொல்ல மனம் இல்லையா என்று நான் கேட்கவில்லை.

நிர்வாகியிடம் சொன்னேன். "அவளை நிறுத்தாதீங்க. தப்பு என்னோடது. நான்தான் மன்னிப்புக் கேக்கணும்." அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ்! என்ன பெரிய மனசு டீச்சருக்கு!" என்றார். நிர்வாகியும் "பாத்தீரே, மிஸ்ஸின்ர பெருந்தன்மையை" என்று சஃப்னாவிடம் சொன்னார். நான் கேட்ட மன்னிப்பு அந்த அறையில் ஒருவர் காதிலும் மன்னிப்பாக விழவில்லை. அதைப் பாராட்டாக மாற்றி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சஃப்னா தொடர்ந்து வகுப்புக்கு வருகிறாள். நான் யாருடைய தமிழையும் திருத்துவதில்லை. "உங்களுக்கு எப்படி வருதோ அப்படியே கதைங்க" என்று ஒரு நாள் வகுப்பில் சொன்னேன். 'கதைங்க' என்ற சொல் என் வாயில் கூழாங்கல் மாதிரி உருண்டது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், சிரிக்கவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று பேசிவைத்திருப்பார்கள் போல, இப்போது என்னிடம் "முடியாது மிஸ்", "ஆமா மிஸ்" என்றுதான் சொல்கிறார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பின்னால் அவர்களுடைய தமிழ் மெல்லச் சலசலக்கிறது. நான் திரும்பினால் நின்றுவிடுகிறது.

போன வாரம் கப்பல்துறையில் ஒரு வீட்டு வகுப்புக்காகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். உட்கார இடமில்லை. பக்கத்தில் என் மாணவி ஒருத்தியின் அம்மா நின்றார். தூத்துக்குடியிலிருந்து என் அம்மா போனில் கூப்பிட்டாள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கி, மற்றக் கையால் வாயை மறைத்துக்கொண்டேன். பஸ்ஸில் யாருக்கும் என் தமிழ் கேட்கக் கூடாது. "இருக்கிறன்" என்று இந்த ஊர் மாதிரியே வந்துவிட்டது. அது அம்மாவுக்கு அந்நியமாக இருந்திருக்க வேண்டும்.

"யாரு பேசுறது?" என்றாள்.

பக்கத்தில் நின்ற மாணவியின் அம்மா என்னைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார். பஸ் ஒரு சந்தியில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. எந்தத் தமிழில் வாயைத் திறப்பது என்று தெரியாமல் கையை எடுக்காமலே நின்றேன். போனில் என் அம்மா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஹலோ, யாரு? யாருங்க பேசுறது?"