அம்மன் சேலையில் ஒரு வெள்ளைத் திட்டு

போன வருஷம் சித்திரையில் என் குரல் கம்மத் தொடங்கியது. முப்பது வருஷமாகக் கொதிக்கிற சாயத் தொட்டிப் பக்கத்தில் நிற்கிறவன் நான். ஆவி பட்டிருக்கும் என்று மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். வைகாசியில் பேச்சு வெறும் காற்றாகிவிட்டது. ஆனியில் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையில் புற்று என்றார்கள். சின்னதுதான், ஆரம்பம்தான் என்றும் சொன்னார்களாம். புற்று என்ற சொல்லுக்குப் பிறகு வந்த எதுவும் என் காதில் விழவில்லை.

என் பெயர் ஏழுமலை. ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது தொழில். ஆடியில் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது வர்ணிப்புப் பாடுவது நான்தான். பதினெட்டு வயசிலிருந்து அதுவரை ஒரு ஆடிகூடத் தவறவிட்டதில்லை. உயிர்ப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடக் குரல் பயம் பெரிதாக இருந்தது. கதிர்வீச்சு கொடுத்தால் குரலோடு பிழைக்கலாம், அதற்குக் கட்டி மசியவில்லை என்றால் குரல்வளையை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றைக்கு ஆரணி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். கஸ்தூரி பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள். அவள் என் மனைவி.

ஆடி முதல் வாரம் சிகிச்சை தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறரை வாரம். தலை அசையாமல் இருக்க முகத்துக்கு ஒரு மூடி செய்தார்கள். வெந்நீரில் போட்டால் தளதளவென்று இளகுகிறது, முகத்தில் வைத்து அழுத்தினால் ஆறி இறுகிவிடுகிறது. எனக்கு வந்த வியாதி மறந்துபோனது. "இது எத்தினி டிகிரில இளகும்? மறுபடி சூடு பண்ணா மறுபடி இளகுமா?" என்று அந்த மூடியைச் செய்தவரைக் காற்றுக் குரலில் குடைந்தேன்.

கஸ்தூரி டாக்டரம்மாவிடம், "இவருக்கு ரெண்டு வியாதிங்க. கேள்வி கேக்கறது ஒண்ணு. அதுக்கும் சேத்து எதனா கரண்ட் குடுங்க" என்றாள். கதிர்வீச்சு எங்களுக்குக் கரண்ட்தான்.

டாக்டரம்மா சின்ன வயசு. சிரித்துவிட்டுப் பதில் சொன்னார். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். கதிர் அதில் படும்போது கண்ணுக்குத் தெரியாத முரட்டுத் துகள்கள் கிளம்பி, பக்கத்தில் இருக்கிற செல்லைத் தாக்குகின்றன. நல்ல செல் பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும், புற்றுச் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அதுதான் வைத்தியத்தின் சூட்சுமம் என்றார். வேறு மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை.

அந்த வாரக் கடைசியில் கஸ்தூரியின் தம்பி சேகர் சென்னையிலிருந்து வந்தான். பையிலிருந்து நாலு டப்பா எடுத்து வைத்தான். மஞ்சள் சாரம், நெல்லிக்காய், கிரீன் டீ, திராட்சை விதை. எல்லாம் மாத்திரையாக இருந்தன.

"மாமா, கரண்ட் வைக்கசொல்ல கிளம்புதே முரட்டுத் துகளு, அத்த அப்பிடியே அமுக்கிடும் இது. ஆன்டிஆக்ஸிடன்ட்னு பேரு. செடி வெயில்ல நின்னுகினு கீதே, கருகுதா? உள்ள இதான் வேலை செய்யுது" என்றான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டாக்டரம்மா சொன்ன அதே துகள். செடி எப்படி வெயிலில் நிற்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அதிலும் மஞ்சள், எங்கள் மாரியம்மாவின் பொருள். நாலு டப்பாவையும் கோவிலில் அவள் காலடியில் வைத்து எடுத்து வந்தேன். தீர்த்தம் மாதிரி பயபக்தியோடு தினம் எட்டு மாத்திரை முழுங்கினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாராவாரம், வேறு ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டினேன். சாமி பிரசாதத்தை மருந்துக் கணக்கில் சேர்ப்பானேன் என்று மனசைத் தட்டிக்கொடுத்தேன். என்னோடு சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு வாய் வெந்து சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது. வேலை செய்கிறது என்று சேகருக்குப் போன் போட்டேன்.

மூன்றாவது ஞாயிறு எங்கள் தெருவில் கூழ் வார்த்தார்கள். முதல் தடவையாக வேறொருவர் மைக் பிடித்தார். நான் தூணோரம் நின்றேன். பூசாரி மஞ்சள் தண்ணீரைக் கையில் ஊற்றியபோது திடீரென்று ஒரு கேள்வி வந்தது. என் வாய் வேகாமல் காக்கிற மாத்திரை, வேறு எதையெல்லாம் காக்கிறது? அவளைப் பார்த்தேன். "தாயே, இந்த மாத்திரை நீ குடுத்ததா, என் பயம் குடுத்ததா? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. புரியலைன்னா நான் மறுபடி கேள்விதான் கேப்பேன்" என்று உதடு அசையாமல் வேண்டினேன்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மாத்திரையை நிறுத்தவும் தைரியமில்லை, முழுங்கவும் மனசில்லை. முழுங்கினேன்.

அடுத்த ஞாயிறு பட்டறையில் ஒரு பாவு சாயத்துக்கு நின்றது. சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூலைத்தான் பாவு என்போம். உடல் அரக்கு, முந்தானை பச்சை. இதற்கு ஒரு முறை உண்டு. முந்தானை வரும் பகுதியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிட்டு, மீதியை அரக்குத் தொட்டியில் முக்குவோம். கட்டு நன்றாக விழுந்தால் உள்ளே ஒரு சொட்டுச் சாயம் போகாது. பிறகு அவிழ்த்து முந்தானைக்குப் பச்சை ஏற்றுவோம். அன்றைக்கு நானே கட்டினேன். என் கட்டு ஆரணியில் பேர் போனது. முக்கி, அலசி, அவிழ்த்தேன்.

முந்தானை பால் வெள்ளையாக இருந்தது. அதோடு, அரக்காக வர வேண்டிய உடல் பகுதியில் நாலு விரல் அகலம் மடிந்து கட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அதுவும் பால் வெள்ளை.

முப்பது வருஷத்தில் இந்தத் தப்பை நான் செய்ததில்லை. ஈர நூலைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கட்டு நல்ல கட்டுதான். எது முந்தானை, எது உடல் என்று அதற்குத் தெரியாது. உள்ளே எது வந்தாலும் காப்பாற்றும். நான் கேட்டதற்கு, எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

"இன்னாங்க, மயக்கமா?" என்று கஸ்தூரி ஓடி வந்தாள். நான் நூலைக் காட்டினேன். மாத்திரை மேல் வந்த சந்தேகத்தைச் சொன்னேன். நர்ஸிடம் பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவள் நூலை வாங்கித் தொட்டியோரம் வைத்தாள். "ஊரையே கேள்வி கேக்கறீங்க. கேக்க வேண்டிய எடத்துல வாய மூடிகினு இருந்துட்டீங்களே" என்றாள். நாலு டப்பாவையும் பையில் போட்டுக் கட்டினாள்.

திங்கட்கிழமை அந்தப் பையை டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துப் பார்த்தார். "உங்க மச்சான் சொன்னது முழுப் பொய் இல்ல. செடியில இருக்கற சில சத்து செல்லக் காப்பாத்தும்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா இவ்ளோ செறிவா, சிகிச்சை நடக்கும்போது எடுத்தா, அது புத்தையும் சேத்துக் காப்பாத்திடுமோன்னு எங்களுக்குப் பயம். அதனால நிறுத்தச் சொல்றோம். குழம்புல போடற மஞ்சள், ஒரு நெல்லிக்காய், அது சாப்பாடு. அதுக்குத் தடையில்ல" என்றார்.

"இதுவரைக்கும் முழுங்குனது கெடுத்திருக்குமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

அந்தத் தெரியாதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. நிறுத்திய பத்தாம் நாள் வாய் வெந்தது. மாத்திரை போனதாலா, வேகும் காலம் வந்ததாலா என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. கஞ்சியை விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் கொட்டும். ஆனாலும், பட வேண்டிய இடத்தில் படுகிறது என்று ஒரு நிம்மதி. ஆவணியில் சிகிச்சை முடிந்தது. கார்த்திகை வரை காத்திருக்கச் சொன்னார்கள். அந்த மூன்று மாதமும் நான் அம்மாவிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. காலையில் போய் நிற்பேன், திரும்பி வருவேன்.

கார்த்திகையில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி இருந்த சுவடு இல்லை. வருஷக்கணக்கில் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள், காட்டிக்கொண்டிருக்கிறேன். மார்கழியில் ஒரு விடியலில் "கஸ்தூரி, காபி" என்றேன். உள்ளேயிருந்து பதில் இல்லை. போய்ப் பார்த்தால் அடுப்பு முன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சமையலறை வரைக்கும் என் குரல் கேட்டிருக்கிறது.

அந்தப் பாவை மறுபடி முக்கி மறைத்திருக்கலாம். மனசு வரவில்லை. அப்படியே நெய்யச் சொல்லி வாங்கி, இந்த ஆடியில் அம்மாவுக்குச் சாத்தினேன். வர்ணிப்பும் பாடினேன். பழைய கணீர் இல்லை, கொஞ்சம் கரகரப்புத்தான். பாடி முடித்ததும் ஒரு அம்மாள் கிட்டே வந்து, "இன்னாங்க, சாமிக்குப் போய் பழுது சேல கட்டிகிறீங்க, வெள்ளையா திட்டு தெரியுதே" என்று கோபித்துக்கொண்டார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

நோயில் இருக்கிறவர்களே, அவளை நம்புங்கள். பயத்தோடு வேண்டினாலும் கேட்கிறாள். சண்டை போட்டு வேண்டினாலும் கேட்கிறாள். ஆனால் கோவிலில் வேண்டியதையும் வீட்டில் விழுங்கியதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். எனக்கு அவள் குரலைத் திருப்பிக் கொடுத்தது முதலில் டாக்டரம்மாவின் அறையில்தான், உண்மையைச் சொல்ல. பாட்டுக்கு மிச்சம் வைத்தது அவள் கருணை.