கரி டீச்சருக்குக் கிடைத்த கூடம்

பல்கலைக்கழகத்தின் ஓவியத் துறையில் முதலாண்டு மாணவர்களுக்குக் கோடு போடக் கற்றுக்கொடுத்தவர் அவர். நாள் முழுக்கக் கரித்துண்டைப் பிடித்துப் பிடித்து விரல் இடுக்கெல்லாம் கறுத்துக் கிடக்கும். அதனால் கரி டீச்சர். பெயர் வைத்தது மாணவர்கள். போகப் போக வீட்டில் கணவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். டீச்சருக்கு அதில் கோபம் வரவில்லை. கோபத்தையெல்லாம் அவர் ஒரே ஓர் ஆளுக்காகச் சேர்த்து வைத்திருந்தார்.

அந்த ஆள், பல்கலைக்கழக ஓவியக்கூடத்தின் பொறுப்பாளர். நூலகத்துக்குக் கீழே, தரைத்தளத்தில் இருந்தது கூடம். நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர், சாம்பல் நிறத் தரை, கூரையில் வரிசையாகக் குனிந்து பார்க்கும் விளக்குகள். வருகிற ஆண்டு அங்கே யார் யாருடைய படங்கள் மாட்டப்படும் என்று முடிவு செய்பவர் அவர்தான். தேர்வுகள் முடிந்து வளாகம் காலியாகும் நேரத்தில் அந்த அட்டவணை கூடத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டப்படும். டீச்சர் அதன் முன்னால் நிற்க மாட்டார். நடந்துகொண்டே ஓரக்கண்ணால் படிப்பார். தன் பெயர் இல்லை என்று தெரிந்துகொள்ள அது போதும்.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒரே டப்பாவில் தூரிகை கழுவியவர்கள். வா, போ என்றுதான் பேச்சு. "எனக்குக் கண்ணு இருக்கு, கை இல்ல" என்று தன்னைப் பற்றித் தானே சிரித்துக்கொண்டு, படிப்பு முடிந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டவர் அந்த ஆள். பிற்பாடு கூடத்துக்குப் பொறுப்பாளராக வந்தபோது துறையில் எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் டீச்சர்தான். இனி என்ன, நம்ம ஆள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஐந்து படங்களைத் தானே தூக்கிப் போனார்.

டீச்சர் வரைவது அறைகள். ஆளில்லாத ஓர் அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி. இடப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்து நாற்காலியின் கையில் விழும். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருக்கும்.

பொறுப்பாளர் ஐந்தையும் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லேன்."

"ஒவ்வொண்ணும் நல்லா இருக்கு. ஆனா எல்லாம் ஒரே படம். நீ ஒரு படத்தைத்தான் வச்சிருக்க. அதையே கூடம் பூரா மாட்ட முடியாது. வேற ஏதாவது வரைஞ்சு கொண்டா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

டீச்சர் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "சரிங்க" என்றார்.

அந்த "ங்க"வில் முடிந்தது சிநேகிதம். அன்றிலிருந்து நீங்க, வாங்க, போங்கதான். மரியாதையைவிடப் பெரிய வசவு நம் பேச்சில் கிடையாது. பொறுப்பாளர் மட்டும் நீ என்றே பேசிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அந்தச் சுவர்களில் யார் யாரோ ஏறினார்கள். வெளிநாட்டுப் புகைப்படக்காரர் ஒருவர், பானை செய்பவர் ஒருவர், பழைய வரைபடங்கள் சேர்த்த பணக்காரர் ஒருவர். டீச்சரிடம் கோடு போடக் கற்றவர்கள்கூட ஏறினார்கள். ஒரு வருடம் கூரை ஒழுகியதால் கூடமே மூடிக் கிடந்தது. டீச்சர் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு வருடம்தான்.

கணவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண் பரிசோதனை செய்து, சட்டம் பொருத்திக் கொடுக்கும் சின்னக் கடை. இரவுச் சாப்பாட்டுக்கு அவர் உட்கார்ந்தால் தட்டில் முதலில் விழுவது பொறுப்பாளர்தான்.

"இன்னிக்கு என்ன செஞ்சாரு நம்ம சம்பந்தி?" என்று கேலியாகக் கேட்பார் கணவர்.

"என்ன செய்வாரு, வயித்தெரிச்சல். தனக்குக் கை வரல இல்ல? வந்தவளைப் பார்த்தா எரியத்தானே செய்யும்."

கணவர் தலையாட்டுவார். மகளும் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். படங்களும் வீட்டை விட்டுப் போயின. சொந்தத்தில் கல்யாணம் என்றால் ஒரு படம், புது வீடு என்றால் ஒரு படம். போகிற வீட்டிலெல்லாம், "உள்ள வந்து இதைப் பார்த்தாலே மனசு அடங்கிருது" என்றார்கள். அப்படி ஒருவர் சொல்லும்போதெல்லாம் டீச்சருக்குப் பொறுப்பாளரின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். இதோ இன்னொரு சாட்சி என்று நினைத்துக்கொள்வார்.

டீச்சருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் ஆசிரியர் அறைக்குப் பொறுப்பாளரே வந்தார். உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வர்ற வருஷத்துக்கு அட்டவணை போட்டுட்டோம். முதல் கண்காட்சி உன்னோடது. கூடம் முழுக்க."

டீச்சர் மேசையில் கிடந்த கரித்துண்டை எடுத்து டப்பாவில் போட்டார். "யோசிச்சுச் சொல்றேங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? பொறுப்பாளர் மாடிப்படி இறங்குவதற்குள் பின்னாலேயே போய், "சரிங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர், "ஜெயிச்சுட்ட போ!" என்று கையைத் தட்டினார். மகளிடம் போனில் டீச்சர் அழுதார். அந்த வாரம் அட்டவணையின் முன்னால் நின்று, நிதானமாக, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

பிறகு படங்களைத் திரட்டும் வேலை. டீச்சரும் கணவரும் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்க் கழற்றி வந்தார்கள். டீச்சரின் அக்காவுக்குத்தான் கொடுக்க மனசே இல்லை.

"சுவரு மூளியாப் போச்சே. திருப்பிக் குடுத்துருவ இல்லடி?"

"உன் படத்தை நான் என்ன விழுங்கவா போறேன்?"

"பத்திரமாப் பார்த்துக்க. இந்த மாதிரி ஒண்ணு எங்கயும் கிடையாது."

மாட்டுகிற நாள் காலையில் டீச்சர் எல்லாருக்கும் முன்னால் கூடத்துக்குப் போய்விட்டார். எது எங்கே என்று மனசுக்குள் எப்போதோ முடிவு செய்திருந்தார். வாசலுக்கு நேர் எதிரே, அம்மா செத்த மறுமாதம் வரைந்தது. கடைசிச் சுவரில், மகள் வயிற்றில் இருந்தபோது வரைந்தது. இரண்டுக்கும் நடுவில் தன் வாழ்க்கை முழுவதும் வரிசையாக நிற்கும்.

பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவர் இரண்டு கைகளிலும் இரண்டு படங்களோடு வந்தார்.

"டீச்சர், இதுல எது வாசலுக்கு, எது கடைசிக்கு?"

டீச்சர் பார்த்தார். நாற்காலி, ஜன்னல், இடப் பக்க வெளிச்சம். அடுத்ததைப் பார்த்தார். நாற்காலி, ஜன்னல், இடப் பக்க வெளிச்சம். தரையில் சாய்த்து வைக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வருடம் எழுதிய ஓரம் சட்டத்துக்குள் மறைந்திருந்தது. அம்மா எது, மகள் எது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஆள் காத்துக்கொண்டு நின்றார்.

"எதை வேணா எங்க வேணா மாட்டுங்க" என்றார் டீச்சர்.

காலியான பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். சுவர்கள் நிறைந்துகொண்டே வந்தன. வீட்டுக்கு ஒன்றாக இருந்தபோது அவ்வளவு அமைதியாக இருந்த நாற்காலி, இங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் போட்டதுபோல் வரிசை கட்டி நின்றது. வெளிச்சம் ஒவ்வொரு தடவையும் அதே கைப்பிடியில் விழுந்தது. துக்கம் வந்த வருடமும் சந்தோஷம் வந்த வருடமும் அந்த அறைக்குள் நுழைந்ததாகவே தெரியவில்லை.

எழுந்து பொறுப்பாளரின் அறைக்குப் போனார்.

"எல்லாத்தையும் கழட்டச் சொல்லுங்க."

"என்ன ஆச்சு?"

"கழட்டச் சொல்லுங்கன்னா சொல்லுங்க."

பொறுப்பாளர் கூடத்துக்கு வந்து ஒரு சுற்று சுற்றினார். மேலே பார்த்து, ஒரு விளக்கைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "அழைப்பு எல்லாருக்கும் போயாச்சு. துணைவேந்தரே வர்றாரு."

படிக்கிற காலத்திலிருந்து தெரிந்த முகம். பொய் சொல்லும்போது விளக்கைப் பார்க்கும், ஆணியைப் பார்க்கும், எதிரே நிற்பவரைப் பார்க்காது. இத்தனை வருடம் வைத வசவில் ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை. இந்த மனிதர் தன்னிடம் உண்மை பேசுவதையே விட்டுவிட்டார் என்பதுதான் டீச்சருக்கு அடித்தது.

திறப்பு விழா குறையில்லாமல் நடந்தது. துணைவேந்தர் அமைதியைப் பற்றிச் சத்தமாகப் பேசினார். வந்தவர்கள் எல்லாரும் அமைதி, அமைதி என்றே சொன்னார்கள். வேறு சொல் அவர்களுக்கும் கிடைக்கவில்லை. நடுவில் அக்கா தன் படத்தைத் தேடிக்கொண்டு திரிந்தாள்.

"என் படம் எங்கடி? இதுவா?"

"அது இல்லக்கா."

"அப்ப இதுவா இருக்கும். தினமும் பார்த்ததாச்சே, எனக்குத் தெரியாதா?"

அதுவும் இல்லை. மூன்றாவதைக் காட்டினாள். அதுவா இல்லையா என்று டீச்சருக்கே சொல்லத் தெரியவில்லை. "போகும்போது ஏதாவது ஒண்ணைக் கொடுத்தனுப்பு, எல்லாம் ஒண்ணுதானே!" என்று அக்கா சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். பொறுப்பாளர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் கூட்டத்தைத் தாண்டி வந்து, "வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

கண்காட்சி முடிந்து படங்களைக் கழற்றிய அன்று கூடத்தில் டீச்சரும் பொறுப்பாளரும்தான். பொறுப்பாளர் சுவரில் ஆணி ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு எனக்குக் குடுத்த?" என்றார் டீச்சர்.

பல காலத்துக்குப் பிறகு வந்த ஒருமை. பொறுப்பாளர் திரும்பினார்.

"வரவேண்டிய ஆளு கடைசி நேரத்துல விலகிட்டாரு. இடம் காலியா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"நீயும் ரிட்டயர் ஆகப் போற. ஒவ்வொரு வருஷமும் அந்தக் கதவைத் தாண்டி நீ போறதைப் பார்த்துட்டே இருந்தேன். இன்னொரு தடவை பார்க்க என்னால முடியல."

"பரிதாபம்."

"ஆமா."

"அன்னிக்கு முகத்துக்கு நேரா சொன்னியே. திரும்ப ஒரு தடவை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஒரு தடவை சொன்னதுக்கே இத்தனை வருஷம் நீங்க, வாங்கன்னு தள்ளி வச்ச. மறுபடி சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?"

இத்தனை வருடம் எரிந்தது யாருடைய வயிறு என்று டீச்சருக்கு விளங்கியது. விளங்கியதற்காகப் பொறுப்பாளரை மன்னிக்கவும் முடியவில்லை. முன்பு வெறுக்க ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் போய், வெறுப்பு மட்டும் மிஞ்சியது.

இரவுச் சாப்பாட்டில் பேச்சு குறைந்தது. கணவர் கடையில் நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். மகளைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்து, சலவைச் சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு டீச்சருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்னை வரை."

"எதுக்கு?"

"வேற ஏதாவது வரைன்னுதானே அன்னிக்கே சொன்னாரு? நான் வேற ஏதாவதுதானே?"

டீச்சர் தாளை எடுத்து வைத்துக் கரியைப் பிடித்தார். நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். மூக்கு வந்தது, அழித்தார். கண் வந்தது, அது கணவருடைய கண்ணாக இல்லை. மாணவர்களுக்குத் தினமும் சொல்லித்தருகிற அளவுகளையெல்லாம் சரியாகத்தான் பிடித்தார். ஆனாலும் காகிதத்தில் யாரோ ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். கணவர் அசையாமல் இருந்தார். கழுத்து வலித்தும் சொல்லவில்லை. போதும் என்று டீச்சர் கரியைக் கீழே வைத்ததும் எழுந்து வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தேடினார்.

"பின்னாடி அந்த ஜன்னல் பிரமாதமா வந்திருக்கு" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. டீச்சரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தாளைச் சுருட்டி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

ஓய்வு பெறும்வரை அவர் வகுப்பு எடுத்தார். நன்றாகவே எடுத்தார் என்று அப்போது படித்தவர்கள் சொல்கிறார்கள். படங்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போயின. எந்தப் படம் எந்த வீட்டுக்கு என்று டீச்சர் சரிபார்க்கவில்லை, வாங்கிக்கொண்டவர்களும் கேட்கவில்லை. பொறுப்பாளர் இன்னும் கொஞ்ச காலம் வேலையில் இருந்தார். எங்காவது எதிர்ப்பட்டால் டீச்சர் நின்று, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். அவர், "நல்லா இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு நடப்பார்.